ஜந்தீராவின் கறுப்பு

கணவன் இறந்தால் மனைவி ஒரு வருடம் கறுப்பு உடுத்த வேண்டும் என்பதை, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் ஜூயிஸ் தெ ஃபோரா நகரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேவாலயத்தில் ஏழாம் நாள் பூசை முடிந்ததும் வழக்கமான உடையில் கடைக்குக் கிளம்பிவிடும் விதவைகள்தான் அதிகம். ஜந்தீரா அந்த ரகம் அல்ல. அன்செல்மோவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே பெரிய அலுமினியப் பாத்திரத்தில் சாயப்பொடியைக் கொதிக்கவிட்டு, தன் உடைகள் அத்தனையையும் அதில் முக்கி எடுத்துக் கொடியில் போட்டாள். ஒன்றே ஒன்று தப்பியது. பச்சைத் துணியில் மஞ்சள் பூப்போட்ட கவுன். அது செயற்கை இழை. சாயம் பிடிக்கவில்லை. அதை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள்.

அவளுக்கு வயது ஐம்பத்துநான்கு. கருத்துக்கணிப்பு எடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது வேலை. அன்செல்மோ அதே நிறுவனத்தின் கோம்பி வேனை ஓட்டியவர். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்கொரு பேட்டையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். பிப்ரவரி மாதம் ஒரு சாயங்காலம், வேனை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவர் பிறகு நிமிரவே இல்லை. வேனில் அப்போது இருந்தது தால்வா ஒருத்திதான்.

இந்தத் தால்வாவைப் பற்றிச் சொல்லாமல் ஜந்தீராவைப் பற்றிச் சொல்ல முடியாது.

தால்வாவுக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. வேனில் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சொல்லிச் சேர்ந்த முதல் வாரமே முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநரின் மனைவி ஜந்தீரா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளுடைய சுருட்டை முடியைப் பார்த்துக்கொண்டே போவாள். ஜந்தீராவின் பகுதி சாவ் மத்தேவுஸ், பக்கத்திலேயே இருந்தது. அவள் முதலில் இறங்குவாள். தால்வாவின் பகுதி லின்யாரிஸ், ஊரின் மறுகோடி. அவள் கடைசியில் இறங்குவாள். இதில் யார் மேலும் குற்றம் இல்லை, தெருக்கள் அப்படி அமைந்திருந்தன. ஆனாலும் இறங்கி நின்று வேன் புறப்படுவதைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் ஜந்தீராவின் வயிற்றில் ஒரு கரி கனன்றது.

அவர்கள் இருவரும் கொஞ்சிக்கொண்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது. சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஜனாதிபதியைப் பற்றி.

பதவிக்கு வந்த மறுநாளே ஊரார் சேமிப்பையெல்லாம் வங்கியில் முடக்கிப்போட்ட ஜனாதிபதி அவர். சொந்தமாக ஒரு வேன் வாங்கப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த அன்செல்மோ அன்றைக்கே அவருக்கு எதிரி ஆகிவிட்டார். தால்வாவோ அவருக்கு ஓட்டுப் போட்டவள். கைப்பையில் அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தவள்.

“நல்லா ஓடுறாரு, நல்லா உடுத்துறாரு, அதுக்காக நாட்டைக் குடுத்துடுவியா?” என்பார் அன்செல்மோ.

“உங்களை மாதிரி தொப்பை வச்சிருந்தாத்தான் குடுக்கணுமா?” என்பாள் தால்வா.

“என் தொப்பை நான் சம்பாதிச்சது. அதையாவது முடக்காம விட்டானே!”

வேன் முழுவதும் சிரிக்கும். கணக்கெடுப்பு வேலையில் இருப்பவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லக்கூடாது என்று யாராவது ஞாபகப்படுத்தினால், “வண்டிக்குள்ள சட்டம் கிடையாது” என்று அன்செல்மோ கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார்.

ஜந்தீரா மட்டும் சிரிக்கமாட்டாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் அவளோடு ஒரு நாளும் இப்படிச் சண்டை போட்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் செய்தி பார்க்கும்போது, “நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்பார். ஜந்தீரா வேலையில் பழகிய முகத்தையே வீட்டிலும் வைத்திருந்தாள். தலையை ஆட்டக்கூடாது, புருவத்தை உயர்த்தக்கூடாது, ‘அப்படியா’ என்றுகூடச் சொல்லக்கூடாது. “எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். சில வருடங்களில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

துக்கத்துக்கு ஊரே வந்தது. தால்வா வரவில்லை. ஏழாம் நாள் பூசைக்கு ஒரு நீலக் கவுனில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பூசை முடியும் முன்பே எழுந்து போய்விட்டாள். மற்றவர்கள் எல்லாரும் அவரை ‘அன்செல்மோ அண்ணன்’ என்பார்கள். தால்வா வெறும் ‘அன்செல்மோ’ என்பாள். இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களைக் கோத்துப் பார்ப்பதிலேயே ஜந்தீராவுக்கு அந்த ஆறு மாதமும் போனது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்: அவர்களுக்குள் என்ன இருந்தது? பிறர் வாயிலிருந்து பதிலை வாங்குவதே தொழிலாக இருந்தவளுக்கு இந்தக் கேள்வியை யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் வேலை குவிந்தது. அக்டோபரில் மேயர் தேர்தல். அதற்கான கணிப்போடு, ‘ஜனாதிபதியை நாடாளுமன்றம் பதவிநீக்கம் செய்ய வேண்டுமா?’ என்ற கேள்வியும் அந்த வாரம் கேள்வித்தாளின் கடைசியில் சேர்ந்துகொண்டது. ஊழல் புகார் நாளுக்கு நாள் பெருத்து, தெருவில் வேறு பேச்சே இல்லை. மேயர் கேள்விக்கு வழக்கம்போல வட்ட அட்டை. வேட்பாளர்களின் பெயர்களை வரிசையாக எழுதினால் மேலே இருக்கிற பெயரையே பலர் சொல்லிவிடுவார்கள் என்பதால், வட்டமான அட்டையில் பூவிதழ் மாதிரி சுற்றி எழுதியிருக்கும். அதில் யாரும் முதல் இல்லை, யாரும் கடைசி இல்லை. ஜனங்களுக்கு அந்த அட்டை என்றால் கொள்ளை ஆசை. வாங்கியதும் ஸ்டியரிங் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் யாரும் பதில் சொன்னதில்லை.

வியாழக்கிழமை ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றினார். தனக்கு ஆதரவு தருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேசக்கொடியின் நிறங்களான பச்சையும் மஞ்சளும் உடுத்தித் தெருவுக்கு வாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊரில் எதிர்ப்பேச்சு பரவிவிட்டது: ஞாயிறன்று எல்லாரும் கறுப்பு.

சனிக்கிழமை காலை சாவ் மத்தேவுஸில் ஜந்தீரா முதல் கதவைத் தட்டினாள். திறந்த பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். “அட, நீங்க இன்னிக்கே ஆரம்பிச்சுட்டீங்களா! எழுதிக்கங்க, எழுதிக்கங்க, அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பணும்!”

“நான் இன்னும் கேள்வியே கேட்கலைங்களே.”

“கேள்வி வேறயா? உங்க உடுப்பே கேட்டுடுச்சே!”

இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே, “கட்சிக்காரங்களுக்கு இங்க வேலை இல்லை” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஜந்தீரா அலுவலகத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னாள். மேற்பார்வையாளர் அத்தலீபா இரக்கமான மனிதர்தான், ஆனால் கணக்கு விஷயத்தில் கறார். சாயம் போன கழுத்து டையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “உன் துக்கத்தை நான் மதிக்கிறேன், ஜந்தீரா. ஆனா இந்த வாரம் கறுப்புன்னா அது ஒரு கருத்து. வேற ஏதாவது போட்டுக்க.”

“ஒரு வருஷம்னு வச்சிருக்கேன், சார். பிப்ரவரி வரைக்கும் எடுக்கமாட்டேன்.”

“அப்ப கேள்வி கேட்க வேண்டாம். சரிபார்க்கிற வேலைக்குப் போ.” அவர் ஒரு கட்டுத் தாள்களை எடுத்து நீட்டினார். “தால்வா எடுத்தது. லின்யாரிஸ். அஞ்சு வீட்டுக்குப் போய், ஆள் வந்தாங்களா, இதைத்தான் சொன்னீங்களான்னு கேட்டுட்டு வா. ஒழுங்கு தெரியுமில்ல?”

தெரியாமலா? சரிபார்க்கும்போது மூன்று வீடுகளில் ‘யாரும் வரவில்லை’ என்று சொல்லிவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே பதிலை எழுதியிருக்கிறாள் என்று பொருள். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு அந்த ஊரில் எந்தக் கணிப்பு நிறுவனத்திலும் வேலை இல்லை. ஜந்தீரா தாள்களை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது ஒரு குறுகுறுப்பு. அது சந்தோஷம் என்பது கீழ்ப்படி வந்ததும்தான் அவளுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹால்ஃபெல்டு தெருவில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். தெரு நிறையக் கறுப்பு. கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, முகத்தில் சாயம் பூசிய பள்ளிப் பிள்ளைகள், கழுத்தில் கறுப்பு நாடா கட்டிய ஒரு வெள்ளை நாய்க்குட்டி. பால்கனிகளில் போர்வையும் பாவாடையுமாகக் கறுப்புத் துணி எதுவெல்லாம் கிடைத்ததோ அதுவெல்லாம் தொங்கியது. ஒரு பையன் அவளைப் பார்த்து, “சபாஷ் அம்மா! தலையிலேர்ந்து கால் வரைக்கும்!” என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“இது என் வீட்டுக்காரருக்கு!” என்றாள் ஜந்தீரா.

“அவரும் வந்திருக்காரா?” என்றான் அவன்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆறு மாதமாக இந்த ஊரில் அவள் மட்டும் சுமந்துகொண்டிருந்த ஒன்றை, அனுமதி கேட்காமல் ஆளுக்கொரு துண்டாகக் கிழித்து எடுத்துக்கொண்டது போலிருந்தது. நாய்க்குட்டிக்குக்கூட ஒரு துண்டு.

அப்போதுதான் தால்வாவைப் பார்த்தாள். ஹால்ஃபெல்டு பூங்காவின் ஓரத்தில், யாரோடும் சேராமல், கத்தாமல், ஆடாமல் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் வீட்டில் கிடைத்த கறுப்புப் பனியனை மாட்டிக்கொண்டு வந்திருக்க, தால்வா முழங்காலுக்குக் கீழே இறங்கிய கறுப்புக் கவுன் அணிந்திருந்தாள். கறுப்புக் காலுறை, கறுப்புக் காலணி, தலையில் ஒரு கறுப்பு லேஸ் துணி. யாராவது தெருவில் கோஷம் போட அப்படி வருவார்களா? சவ அடக்கத்துக்குத்தான் அப்படி வருவார்கள்.

ஜனாதிபதிக்காக உயிரை விடுகிறவள். பச்சை மஞ்சளில் வந்திருக்க வேண்டியவள்.

ஜந்தீரா ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தால்வா மெல்லத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தாள், திரும்பி வந்தாள், போய்விட்டாள். கும்பலில் ஒருத்தியாக, யாரும் ஏன் என்று கேட்க முடியாத ஒரே நாளில், அவள் தன் கறுப்பை உடுத்திவிட்டாள். அப்படித்தான் ஜந்தீராவுக்குப் பட்டது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அன்செல்மோவின் புகைப்படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

திங்கட்கிழமை லின்யாரிஸ் போனாள். முதல் இரண்டு வீடுகளிலும் தால்வா வந்ததை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது மட்டுமா? “அந்தப் பொண்ணா? உள்ள வந்து உக்காந்து மக்காச்சோள கேக் சாப்பிட்டா. தங்கமான பொண்ணு” என்றாள் ஒருத்தி. பன்னிரண்டு வருட வேலையில் ஜந்தீராவை ஒருவரும் உள்ளே உட்காரச் சொல்லி கேக் கொடுத்ததில்லை.

மூன்றாவது வீடு பேருந்துக் கண்டக்டர் எத்வானியோ. ‘ஜனாதிபதி நீடிக்க வேண்டும்’ என்று அவர் சொன்னதாகத் தாளில் இருந்தது.

“போன வாரம் கருத்துக்கணிப்புக்கு யாராவது வந்தாங்களா?”

“இல்லையே.”

“ஜனாதிபதி இருக்கட்டும்னு சொன்னீங்களாமே?”

“நான் அப்படியெல்லாம் சொல்லுவேனா? யாரும் வரலை.”

நான்காவது வீடு கித்தேரியா என்ற விதவை. அவளும் ‘நீடிக்க வேண்டும்’. அவளும் கையை விரித்தாள். ஐந்தாவது, செருப்புத் தைக்கும் பெலார்மினோ. வாயில் ஆணிகளைக் கடித்தபடி தலையை ஆட்டினார். “யாரும் வரலைம்மா. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவே பிடிக்காது.”

மூன்று. அவள் ஒரு பொய்யும் எழுத வேண்டியதில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பெலார்மினோ பதில் சொல்வதற்கு முன்னால் அவளுடைய கறுப்பு உடையை ஒரு பார்வை பார்த்தார். எத்வானியோவும் பார்த்தார். கித்தேரியாவும் பார்த்தாள். ஊரே கறுப்பு உடுத்திய மறுநாள், தலை முதல் கால் வரை கறுப்பில் ஒருத்தி வந்து, ‘ஜனாதிபதி இருக்கட்டும்னு சொன்னீங்களாமே’ என்று கேட்டால், எவன் ஆமாம் என்பான்? வெட்கத்தில் ஆளே வரவில்லை என்றுதான் சொல்வான். கதவுக்கு முன்னால் நிற்கிறவளின் முகம் ஒரு சுளிப்பு சுளித்தால்கூடப் பதில் மாறிவிடும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை அலுவலகச் சமையலறையில் தால்வா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கைப்பையில் ஜனாதிபதி படம் இருந்த இடத்தில் பசையின் கறை மட்டும் இருந்தது. ஜந்தீரா கதவோரம் நின்றாள். முதல் கேள்வி எளிதாக இருக்க வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை பூங்காகிட்ட உன்னைப் பாத்தேன்.”

தால்வாவின் கை நின்றது. “பாத்தீங்களா, அக்கா?”

“கறுப்புல இருந்தே.”

“ஆமா.”

“உன் ஜனாதிபதி பச்சை மஞ்சள்தானே கேட்டாரு?”

தால்வா சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. “அன்செல்மோகிட்ட தோத்துட்டேன், அக்கா. பந்தயம். ‘இந்த ஆளு ஒரு நாள் மாட்டுவான். அன்னிக்கு நீ கறுப்பைக் கட்டிக்கிட்டு ஹால்ஃபெல்டு தெருவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கணும்’னாரு. மாட்டலைன்னா அவரு பச்சை மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு ஒரு மாசம் வண்டி ஓட்டணும். அதான் பேச்சு.”

“செத்தவர்கிட்ட பந்தயமா?”

“செத்துட்டா பந்தயம் இல்லேன்னு ஆயிடுமா? இருந்திருந்தா என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னிருப்பாரு. அந்தக் கிண்டலுக்காகவாவது நடந்துட்டு வருவோம்னு போனேன்.”

ஜந்தீரா கோப்பையைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. “அவ்வளவுதானா?”

காப்பி ஜாடியின் மூடியைத் திருகித் திருகி மூடினாள் தால்வா. மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

“அவ்வளவுதான்னு எழுதிக்கங்க, அக்கா” என்றாள்.

பந்தயத்துக்குக் கறுப்புப் பனியன் போதுமே, காலுறையும் தலையில் லேஸ் துணியும் எதற்கு என்ற கேள்வி ஜந்தீராவின் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அது பதிலைத் தானே ஊட்டிவிடும் கேள்வி; அப்படிக் கேட்பது முறையல்ல. ‘தெரியாது’ என்பதற்கும் ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதற்கும் கேள்வித்தாளில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. தால்வாவின் பதில் எந்தக் கட்டத்தில் விழும் என்று அவளுக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது பொறாமை குறையவில்லை, இன்னும் மோசமானது. கள்ளத்தனமாக ஒரு முத்தம் இருந்திருந்தால்கூட அதைத் திருட்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் பந்தயம் என்பது இரண்டு பேர் சேர்ந்து வருங்காலத்தைப் பார்ப்பது. அவளோடு அவர் வைத்துக்கொள்ளாத பந்தயம் அது. ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று அவளைத்தான் அவர் முதலில் கேட்டார். அவள்தான் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த நினைப்பு வந்ததும் தால்வா மேல் இன்னும் கோபம் வந்தது. தன் மேல் வர வேண்டியதையும் சேர்த்து அவள் மேலேயே போட்டாள்.

புதன்கிழமை மதியத்துக்குள் தாள்களைக் கொடுக்க வேண்டும். காலையில் அலமாரியைத் திறந்து நின்றாள். மூன்று வீடுகளுக்கு மறுபடியும் போக வேண்டும், போகும்போது கறுப்பில் போகக்கூடாது. இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததால் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தால்வா கறுப்பு உடுத்தி நடந்துவிட்டாள். அவளுடைய வேலையைக் காப்பாற்ற, சபையறிய மோதிரம் மாற்றிய பெண்டாட்டி கறுப்பைக் களைய வேண்டுமாம்! அடித்தட்டிலிருந்து அந்த ஒரே ஒரு கவுனை எடுத்து உதறினாள். பச்சையில் மஞ்சள் பூ. இதைப் போட்டுக்கொண்டு போனால் லின்யாரிஸ் முழுக்க ஜனாதிபதிக்கு ஜே போடும். தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். தனியாக இருக்கும்போது சிரித்து ஆறு மாதமாகியிருந்தது.

அலமாரிக் கதவின் உள்பக்கம் அன்செல்மோவின் சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது. ஓட்டுநர்கள் உடுப்புக்கு மேல் போட்டுக்கொள்கிற நீளக் கோட்டு. கழுத்து முதல் முழங்கால் வரை பொத்தான். சாம்பல் நிறத்துக்குக் கட்சி இல்லை. ஜந்தீரா அதைக் கறுப்புக் கவுனுக்கு மேலேயே போட்டு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். பெட்ரோல் வாசனை இன்னும் இருந்தது. கறுப்பை அவள் எடுக்கவில்லை. உள்ளே இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

லின்யாரிஸ் ஏற்றத்தில் ஏறும்போது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். புதினா மிட்டாய்கள், காகிதம் சுற்றியபடி மூன்று. அன்செல்மோ வீட்டில் இனிப்பைத் தொடாதவர்; சர்க்கரை ஆகாது என்று காப்பியைக்கூடக் கசப்பாகக் குடித்தவர். வாந்தி வரும் பெண்ணுக்குப் புதினா நல்லது என்பது யாருக்குத்தான் தெரியாது? ஏற்றத்தின் நடுவில் நின்றாள். பிறகு ஒரு மிட்டாயைப் பிரித்துத் தன் வாயில் போட்டு, கடித்து நொறுக்கிக்கொண்டே மேலே ஏறினாள்.

இந்தத் தடவை அவள் ஜனாதிபதியின் பேச்சையே எடுக்கவில்லை. கைப்பையிலிருந்து வட்ட அட்டையை எடுத்து எத்வானியோவின் கையில் கொடுத்தாள். “இந்த மாதிரி ஒண்ணை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?”

கண்டக்டர் அதை வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். “பாத்திருக்கேனே. போன வாரம் ஒரு சுருட்டை முடிப் பொண்ணு குடுத்தா. மேயருக்கு யாருன்னு கேட்டா.” சற்றுத் தயங்கினார். “அப்புறம் அந்த ஆளைப் பத்தியும் கேட்டா. அப்ப நான் வேற மாதிரி சொன்னேன். அது போன வாரம். எழுதாதீங்க.”

கித்தேரியா அட்டையைப் பார்த்ததுமே, “அவளா! அவளுக்கு என் பூனையைப் பிடிச்சுப்போச்சு” என்றாள்.

பெலார்மினோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கீழே வைத்தார். “வந்தாம்மா. ஸ்டூல்ல உக்காந்து காப்பி குடிச்சா. நான் ‘அந்த ஆளு இருக்கட்டும்’னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. என்னம்மான்னேன். ‘எங்க வண்டிக்காரர் இருந்திருந்தா உங்களோட ஒரு சண்டை போட்டிருப்பாரு’ன்னா. நல்ல மனுஷன் போல.”

“ஆமா” என்றாள் ஜந்தீரா. “நல்ல மனுஷன்.”

கதவோரம் நின்று சொந்தக் கதை பேசுவது விதிக்கு விரோதம். குறிப்புப் பகுதியில் அதை எழுதலாம், எழுதினால் தால்வாவுக்குக் கண்டிப்பு கிடைக்கும். பேனா காகிதத்தில் பட்டு ஒரு புள்ளி விழுந்தது. ஜந்தீரா அந்தப் புள்ளியை அப்படியே விட்டுவிட்டு, ஐந்து தாளிலும் ‘உறுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அத்தலீபாவிடம் கொடுக்கும்போது அவர், “கோட்டு நல்லாருக்கு. இதைப் போட்டுக்கிட்டே நாளையிலேர்ந்து கேள்வி கேட்கப் போகலாமே” என்றார்.

மறுநாள் காலை வேன் அலுவலக வாசலில் நின்றது. புது ஓட்டுநர் யாரோடும் பேசாத மனிதர். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். தால்வா வரும்போது முன் இருக்கையில் ஜந்தீரா உட்கார்ந்திருந்தாள், கழுத்துவரை பொத்தான் மாட்டி. தால்வா கதவில் கை வைத்தபடி கோட்டையே பார்த்தாள்.

“அக்கா… அந்தக் கோட்டு…”

“என் வீட்டுக்காரரோடது. பின்னாடி ஏறு.”

“எனக்குப் பின்னாடி வாந்தி வரும், அக்கா.”

“ஜன்னலைத் திறந்து வச்சுக்க.”

தால்வா பின்னால் ஏறினாள். வேன் புறப்பட்டது. பாலத்தைத் தாண்டியது. பிறகு ஜந்தீரா, கண்ணாடியில் தால்வாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பன்னிரண்டு வருடமாக எந்த வாசலிலும், முப்பது வருடமாக எந்தச் சாப்பாட்டு மேசையிலும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“உன் ஜனாதிபதி போகணும். இன்னிக்கே போகணும். போகும்போது எங்க வேன் பணத்தை வச்சுட்டுப் போகணும்.”

பின்னாலிருந்து தால்வாவின் குரல் வந்தது: “கணக்கெடுக்கிறவங்க கருத்து சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“வண்டிக்குள்ள சட்டம் கிடையாது.”

“அப்ப நானும் சொல்றேன். அவரு போயிட்டா அடுத்து வர்றவன் மட்டும் யோக்கியனா? உங்களுக்கு அரசியல் தெரியுமா, அக்கா?”

“உனக்கு ரொம்பத் தெரியுமோ? பல் அழகாயிருக்குன்னு ஓட்டுப் போட்டவதானே நீ!”

யாரோ சிரித்தார்கள். தால்வா முன்னால் சாய்ந்து இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ள ஆரம்பித்தாள். ஜந்தீராவும் விடவில்லை. சாவ் மத்தேவுஸ் வந்தபோது புது ஓட்டுநர் வேனை நிறுத்தினார்; ஜந்தீரா இறங்கவில்லை. “முதல்ல மத்தவங்களை இறக்குங்க. இவளை லின்யாரிஸ்ல விட்டுட்டு வரும்போது நான் இறங்கிக்கிறேன்” என்றாள்.

லின்யாரிஸ் ஏற்றத்தில் தால்வாவின் முகம் வெளுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். ஆனாலும் சண்டையை நிறுத்தவில்லை. ஜந்தீராவின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. புதினா மிட்டாய் இன்னும் இரண்டு இருந்தன. அவள் இரண்டையும் விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.